காணாத ஆட்டையும் கணக்கில் சேர்ப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போக, மற்றத் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவனுடைய அன்பைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம். அவன் கணக்கிலும் கெட்டிக்காரன் என்பதை நாங்கள் இவ்வாண்டுதான் கவனித்தோம். ஒன்று குறைகிறது என்று தெரிந்தால் அல்லவா தேடப் போக முடியும்? மாலையில் பட்டி வாசலில் கோலை நீட்டி, ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணியிருப்பான். பட்டி ஒன்று, வாசல் ஒன்று, ஆடுகளோ சாதுவானவை. எண்ணிக்கை தவற வழியில்லை.

நமது பழனி மலையிலும் ஓர் ஆடு வாழ்கிறது. அதற்குப் பட்டியும் கிடையாது, மேய்ப்பனும் கிடையாது. வரையாடு என்பது அதன் பெயர். வரை என்றால் மலை. சங்க நூல்களில் வருடை என்று வருவதும் இதுவே என்பர். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. உயர்ந்த புல்வெளியில் மேயும். ஆபத்து என்று கண்டால் அடுத்த நொடியே செங்குத்தான பாறையில் இறங்கி மறைந்துவிடும். நாமோ அத்தகைய பாறை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கவே அஞ்சுகிறோம். போதாக்குறைக்கு நம் ஊர் மூடுபனி! கோக்கர்ஸ் வாக்கில் நடக்கும்போது, பக்கத்தில் வரும் தோழியே திடீரென்று காணாமற்போகிற நாட்கள் உண்டு. சாம்பலும் பழுப்புமான ஓர் ஆடு பாறையோடு பாறையாக நின்றால் யார் கண்ணில் படும்?

இத்தகைய பிராணியையும் எண்ணியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் நீலகிரி வரையாடு திட்டத்தின் கீழ் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல் மே 1 வரை நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் என்று மதிப்பிட்டார்கள். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் மறுபடியும் எண்ணியபோது 1,303 என்று வந்தது. இச்செய்தியைப் படித்தவுடன் எங்கள் வகுப்பில் ஒரு சந்தேகம் எழுந்தது. ஓடி ஒளிகிற ஆட்டை ஒன்றுகூட விடாமல் பார்த்துவிட்டார்களா? பார்க்காமல் விட்டவை உண்டு என்றால், அவற்றின் கணக்கு என்ன ஆயிற்று? இதற்கு விடை உங்கள் கணக்குப் புத்தகத்தில் விகித சமம் என்ற பாடத்திலேயே இருக்கிறது என்றார்கள் எங்கள் கணித சிஸ்டர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் சிஸ்டர் ஒரு மண்பானையையும் அரைக் கிலோ உலர்ந்த பட்டர் பீன்ஸ் விதையையும் மேசை மீது வைத்தார்கள்.

விதைகள் மொத்தம் எத்தனை என்பதைச் சிஸ்டர் முன்னரே எண்ணி, ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிவிட்டார்கள். பானையைக் கொட்டி எண்ணக் கூடாது என்பது நிபந்தனை. நாங்கள் முதலில் 50 விதைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஊதா மையால் ஒரு பொட்டு வைத்தோம். மை காய்ந்ததும் பானையில் திரும்பப் போட்டு, வாயை மூடி, நன்றாகக் குலுக்கினோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு 60 விதைகளை அள்ளினோம். அந்த அறுபதில் பொட்டு வைத்தவை 7 இருந்தன.

இனி விகித சமம்தான். அறுபதுக்கு ஏழு பொட்டு என்றால், பானை முழுவதற்கும் ஐம்பது பொட்டு. ஆகவே,

மொத்தம் : 50 :: 60 : 7

புற எண்களின் பெருக்கமும் இடை எண்களின் பெருக்கமும் சமம் என்று நாம் எட்டாம் வகுப்பிலிருந்தே ஒப்பித்து வருகிறோம். மொத்தம் × 7 = 50 × 60. எனவே மொத்தம் 3000 ÷ 7, அதாவது சுமார் 429. அவ்வளவே! பானையைக் கொட்டாமலேயே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டோம்.

ஆனால் சிஸ்டர் உறையைப் பிரிக்கவில்லை. மற்ற நான்கு பெஞ்சுக்காரர்களும் இதேபோல் குலுக்கி அள்ளட்டும் என்றார்கள். அவர்களுக்கு முறையே 9, 6, 8, 5 என்று பொட்டு விதைகள் வந்தன. கணக்குப் போட்டால் 333, 500, 375, 600! ஒரே பானை, ஒரே விதை, ஐந்து விடைகள். பின்பெஞ்சில் ஒருத்தி, "இது கணக்கா, குலுக்கல் சீட்டா?" என்று கேட்டுவிட்டாள். உண்மையில் அது நல்ல கேள்வி. ஐந்து பேர் அள்ளியதையும் ஒன்றாகச் சேர்த்தால் 300 விதைகளில் 35 பொட்டுகள். அதன்படி மொத்தம் மறுபடியும் சுமார் 429. தனித்தனியே தள்ளாடிய விடை, சேர்ந்து நிற்கும்போது உறுதியாகிறது. பிறகு இன்னும் 50 விதைகளுக்குப் பொட்டு வைத்து, பொட்டு விதைகளை நூறாக்கி, அள்ளுவதையும் நூறாக்கினோம். இப்போது பொட்டு விதைகள் 22, 25, 24, 26, 21 என்று வந்தன. விடைகள் 385-க்கும் 476-க்கும் இடையே அடங்கின. முன்போல் 333-க்கும் 600-க்கும் தாவவில்லை. குறியிடுவதும் அதிகமாக இருக்கவேண்டும், இரண்டாம் முறை பிடிப்பதும் அதிகமாக இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. உறையைப் பிரித்தபோது 423 என்று எழுதியிருந்தது.

பொட்டு விதை ஒன்றுகூட வராமற்போனால் என்ன செய்வது என்றும் கேட்டோம். பூஜ்யத்தால் வகுக்க முடியாதே! இந்தத் தொல்லையை நீக்க 1951-ல் சாப்மன் என்ற அறிஞர் ஒரு திருத்தம் சொன்னார். மூன்று எண்களோடும் ஒவ்வொன்றைக் கூட்டிக்கொண்டு கணக்கிட்டு, விடையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஐந்தே பொட்டு வந்து 600 என்று சொன்ன பெஞ்சின் கணக்கை இம்முறையில் போட்டால் 51 × 61 ÷ 6 - 1, அதாவது சுமார் 518 வருகிறது. உண்மையை நோக்கிச் சற்று நெருங்கிவிட்டது. பொட்டு குறைவாக வரும்போது பழைய முறை மொத்தத்தை மிகைப்படுத்தும்; அதை இத்திருத்தம் அடக்கி வைக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் அந்த ஒரு சோற்றை எடுப்பதற்கு முன் அகப்பையால் கிளறுவதை யாரும் பழமொழியில் சேர்க்கவில்லை. கிளறாத பானையில் மேல் சோறு ஒன்று சொல்லும், அடிச் சோறு வேறொன்று சொல்லும். இதையும் பானையில் சோதித்தோம். பொட்டு வைத்த 50 விதைகளை வேண்டுமென்றே மேலாகப் பரப்பி, குலுக்காமல், மேலிருந்தே 60 அள்ளினோம். அதில் 31 பொட்டு விதைகள்! கணக்குப்படி பானையில் இருப்பவை 97 விதைகள்தாம். பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழையே இல்லை. விடை மட்டும் நாலில் ஒரு பங்கு.

இந்த முறை எப்போது தோன்றியது என்று பார்த்தால், இதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் முன்பாக மனிதருக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 1802-ல் பிரான்சு நாட்டின் ஜனத்தொகையை மதிப்பிட விரும்பினார். வீடு வீடாகப் போய் எண்ணுவதற்கு வழியில்லை. ஆனால் பிறப்புகள் பதிவேட்டில் ஏறிவந்தன. ஆகவே முப்பது மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும் மக்களை எண்ணி, ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு எத்தனை மக்கள் என்று கணக்கிட்டார். 28.35 என்று வந்தது. நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பிறப்புகள் என்று கொண்டால், மக்கள் சுமார் 2 கோடியே 83 லட்சம். பதிவேட்டில் ஏறிய குழந்தைதான் இங்கே பொட்டு வைத்த விதை! நமது பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டு பங்கு மக்களின் தொகையை இதேபோல் மதிப்பிட முடியுமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. வேலைக்கு வந்து தங்கியவர்களும் வெளியூர் போனவர்களும் மிகுந்த ஊரில் அது சரியாக வராது என்று முடிவாயிற்று. அந்த ஆட்சேபணையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ஏரிக்குப் போகும்போது திரும்பவும் தேவைப்படும்.

பிராணிகளுக்கு உண்மையிலேயே குறி மாட்டியவர்களில் முன்னோடி டென்மார்க் நாட்டு மீன் ஆராய்ச்சியாளர் பீட்டர்சன். அவர் கடல் கழியில் வாழும் தட்டை மீன்களுக்குப் பொத்தான் போன்ற வில்லைகளைப் பொருத்தி விட்டு, எத்தனை திரும்ப வலையில் வருகின்றன என்று பார்த்து, 1896-ல் எழுதினார். 1930-ல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர் (ஜனாதிபதி லிங்கன் அல்லர்!) காட்டு வாத்துகளின் காலில் மாட்டிய வளையங்களைக் கொண்டு வாத்துகளின் தொகையைக் கணக்கிட்டார். அதனால் இம்முறைக்கு லிங்கன்-பீட்டர்சன் முறை என்றே பெயர். நம் தமிழ்நாட்டிலும் கோடிக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சலீம் அலியின் வழிகாட்டுதலில் 1959-ல் தொடங்கிய வேலை அது. அங்கே முக்கிய நோக்கம் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிவது. தொகை இரண்டாம் பட்சமே.

இப்போது நம் ஏரிக்கு வருவோம். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் அமைத்த இந்த ஏரி சுமார் 60 ஏக்கர் பரப்புள்ளது. இதிலுள்ள கெண்டை மீன்களை எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏரியை வடிய வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சில மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, சில நாள் கழித்து மறுபடி வலை போட வேண்டியதுதான். பானையைப் போலவே இதுவும் மூடிய கலம் என்று தோன்றும். ஆனால் மீன் விதையல்லவே!

படகுத்துறை ஓரத்தில் யாரோ பொரி போட்டுப் பழக்கியிருந்தால், சில மீன்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதல் வலையும் அங்கே, இரண்டாம் வலையும் அங்கே என்றால் குறியுள்ள மீன்களே திரும்பத் திரும்ப வரும். ஏரியில் மீனே குறைவு என்று கணக்கு சொல்லும். அது குலுக்காத பானை. மாறாக, ஒரு முறை பிடிபட்ட மீன் பயந்து வலைப்பக்கமே வராமலிருந்தால், குறியுள்ளவை குறைவாக வரும். ஏரி நிறைய மீன் என்று கணக்கு சொல்லும். குறி கழன்று விழுந்தாலும் அப்படியே. குறியிட்ட காயத்தால் மீன் செத்துப்போனாலும் அப்படியே. இதை எழுதும்போது எங்களுக்கே ஒரு நடுக்கம் வந்தது. குறியிடுகிறவர் கவனக்குறைவாக இருந்து மீன்களைக் கொன்றால், கணக்கில் மீன் பெருகுகிறது!

மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கீழே விழுகிறது. சில மீன்கள் அவ்வழியே போய்விட்டால்? இதற்கு நாங்கள் எதிர்பார்த்த விடை வேறு, வந்த விடை வேறு. குறியுள்ளதும் இல்லாததும் ஒரே விகிதத்தில் வெளியேறினால் கணக்கு கெடாது. குறியிட்ட நாளில் ஏரியில் எத்தனை இருந்தன என்பதை அது சரியாகவே சொல்லும். ஆனால் வெளியிலிருந்து புது மீன்களைக் கொண்டுவந்து விட்டால், விடை இரண்டாம் வலை போட்ட நாளுக்கு உரியதாகிவிடும். போவதும் வருவதும் இரண்டும் நடந்தால் விடை எந்த நாளுக்கும் உரியதல்ல. பங்கு மக்களைப் பற்றிய எங்கள் விவாதம் முடிந்த இடமும் இதுதான்.

தாவரங்களை ஆராய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஷெம்பகனூர் இயேசு சபைக் கல்லூரியோடு தொடர்புடைய தந்தை மேத்யூ, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலை 1999-ல் வெளியிட்டார்கள். அவர்கள் இன்று பார்த்த மரம் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நிற்கும். காலுள்ள ஜீவன்களை எண்ணுவதுதான் பெரும்பாடு.

நம் ஊர்க் காட்டுமாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். "இப்போதெல்லாம் ஊருக்குள் காட்டுமாடு ரொம்பப் பெருகிவிட்டது" என்று பெரியவர்கள் சொல்லாத நாளில்லை. காலையில் பஜாருக்குப் போனவர் ஒன்றைப் பார்க்கிறார். பத்து மணிக்கு ஏரிச் சாலையில் ஒருவர் பார்க்கிறார். பிற்பகலில் ஒரு தோட்டத்தில் பீன்ஸ் கொடியை மிதித்துவிட்டது என்று செய்தி வருகிறது. மாலை டீக்கடையில் மூன்று மாடுகள் என்று பேச்சு. மூன்றாகவும் இருக்கலாம், உலாவப் புறப்பட்ட ஒரே மாடாகவும் இருக்கலாம். அடையாளம் இல்லாதவரை ஒன்றையும் மூன்றையும் பிரிக்க முடியாது. பயிரை இழந்தவருக்கு அந்த ஒன்றே அதிகம் என்பது வேறு விஷயம். ஆனால் பெருகியதா, அல்லது காட்டில் புல் குறைந்ததால் அதே மாடுகள் அடிக்கடி வருகின்றனவா என்பது தெரிந்தால்தானே என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியும்?

சில பிராணிகளுக்கு ஆண்டவரே குறியிட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு புலிகளின் வரி ஒரேமாதிரி இருப்பதில்லை. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வெவ்வேறு. முற்காலத்தில் நம் நாட்டில் புலியின் காலடித் தடத்தைப் பிரதியெடுத்து, தடத்தை வைத்தே ஒவ்வொரு புலியையும் அடையாளம் காணலாம் என்று எண்ணினார்கள். ஈர மணலில் ஒரு தடம், உலர்ந்த மணலில் வேறு தடம் என்றால் ஒரு புலி இரண்டாகிவிடும் அல்லவா? ராஜஸ்தானத்திலுள்ள சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்தன. காட்டில் ஒன்றுகூட இல்லை என்ற உண்மை 2005-ல் வெளிவந்தது. நாடே திடுக்கிட்டது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் விஞ்ஞானி உல்லாஸ் கரந்த், பாதையின் இருபுறமும் தானே படமெடுக்கும் காமிராக்களை வைத்து, வரிகளைக் குறியாகக் கொண்டு பிடித்து விட்டுப் பிடிக்கும் கணக்கைப் புலிகளுக்குப் போட்டு, 1995-ல் வெளியிட்டிருந்தார். படத்தில் விழுவதே பிடிபடுவது. 2006-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் காமிரா முறை வந்தது. அப்போது மதிப்பிட்ட தொகை 1,411. 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் நடு மதிப்பு 3,682, மேல் எல்லை 3,925. ஒரே எண்ணைச் சொல்லி மார்தட்டாமல், இவ்வளவுக்குள் இருக்கும் என்று எல்லையும் சொல்வது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பீன்ஸ் பானை எங்களுக்குக் கற்பித்ததும் அதுவே.

வரையாட்டுக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. வயது முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருக்கும். ஆனால் அது முதிர்ந்த கிடா என்பதைச் சொல்லுமே தவிர, எந்தக் கிடா என்பதைச் சொல்லாது. பிடித்துக் குறியிடலாம் என்றால், பாறை விளிம்பில் ஓட விட்டுப் பிடிப்பது ஆட்டின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆட்டைத் தொடாமலேயே குறியிட ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இரட்டைப் பார்வையாளர் முறை என்று அதைச் சொல்லலாம். தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் கையாண்ட இரு முறைகளில் இது ஒன்று. எங்களுக்கு வியப்பைத் தந்ததும் இதுதான்.

ஒரு குழுவினர் மலைச் சரிவில் ஒரு பாதையில் நடந்து, கண்ட ஒவ்வொரு மந்தையையும் எழுதிக்கொள்கிறார்கள்: எந்த இடம், எத்தனை மணி, கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று. சிறிது நேரம் கழித்து மற்றொரு குழு அதே பாதையில் வந்து அதேபோல் எழுதுகிறது. இரு குழுவும் பேசிக்கொள்ளக் கூடாது. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசியில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் உள்ள மந்தைகள் எவை என்று தெரியும். முதல் குழுவின் ஏட்டில் ஏறியதே அந்த மந்தைக்குப் பொட்டு. இரண்டாம் குழுவின் கண்ணில் பட்டதே இரண்டாம் முறை பிடிபட்டது.

எடுத்துக்காட்டாக நாங்களே சில எண்களை வைத்துக்கொண்டோம். முதல் குழு கண்டது 12 மந்தைகள். இரண்டாம் குழு கண்டது 10. இரண்டு பட்டியலிலும் இருப்பவை 8. அப்படியானால்,

மொத்தம் : 12 :: 10 : 8

மொத்தம் 15 மந்தைகள். இரு குழுவும் சேர்ந்து நேரில் கண்டவை 12 + 10 - 8 = 14. ஆகவே இருவர் கண்ணிலும் படாமல் பாறை மறைவில் ஒரு மந்தை இருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அது கணக்கில் வந்துவிட்டது! மூடுபனி இறங்கிய நாளில் இதே குழுக்கள் 12, 10 என்றே கண்டு, பொதுவானவை 4 மட்டும் இருந்தால்? மொத்தம் 30 ஆகிறது. கண்டவை 18, காணாதவை 12. இரண்டு சாட்சிகள் எவ்வளவு ஒத்துப்போகிறார்களோ, அவ்வளவுக்குக் குறைவாகத் தவறவிட்டிருக்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் இருவரும் பார்க்காதது நிறைய உண்டு. இதை முதலில் கேட்டபோது ஏதோ மாயவித்தைபோல் இருந்தது. பொட்டு விதைகளை நினைத்துக்கொண்டு மறுபடி யோசித்தால் மாயம் ஒன்றுமில்லை.

இந்த முறைக்கும் உள்ள நிபந்தனைகள் கடுமையானவை. இடைப்பட்ட நேரத்தில் இரு மந்தைகள் கலந்துவிட்டாலோ, ஒன்று இரண்டாகப் பிரிந்துவிட்டாலோ பட்டியல்கள் பொருந்தாது; பொருந்தாததெல்லாம் புது மந்தையாகத் தோன்றி மொத்தத்தை உயர்த்திவிடும். முதல் குழு சத்தமிட்டு ஆடுகளை விரட்டிவிட்டாலும் அதே கதிதான். இதற்கு நேர்மாறாக, பாறைக்கு அப்பால் யாராலுமே பார்க்க முடியாத இடத்தில் நிரந்தரமாக ஒளிந்திருக்கும் மந்தையை எத்தனை குழு நடந்தாலும் கணக்கில் கொண்டுவர முடியாது. பானைக்கு வெளியே கிடக்கும் விதை அது.

அவர்கள் கையாண்ட மற்றொரு முறை இன்னும் எளிது. ஓர் இடத்தில் பல தடவை எண்ணி, வந்தவற்றில் மிகப் பெரிய எண்ணை இரட்டித்து, அதற்கு அடுத்த பெரிய எண்ணைக் கழிக்க வேண்டும். மூன்று நாட்களில் 23, 27, 25 என்று கண்டால், 54 - 25 = 29. மிக அதிகமாகக் கண்ட நாளிலும் இரண்டு தப்பியிருக்கும் என்று இதன் பொருள். நல்ல முறைதான். ஆனால் எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் வாக்கு இரட்டைப் பார்வையாளர் முறைக்கே.

மேலே கண்ட இரு எண்களையும் இப்போது திரும்பிப் பார்ப்போம். 1,031-லிருந்து 1,303, ஓர் ஆண்டில் 272 கூடுதல், நூற்றுக்கு இருபத்தாறு. மகிழ்ச்சிதான். ஆனால் வரையாட்டுப் பெட்டை வழக்கமாக ஒரு முறைக்கு ஒரு குட்டிதான் ஈனும். 2025-ல் தேடிய இடங்களும் முந்திய ஆண்டைவிடக் கூடுதல். ஆகவே இந்த 272-ல் பிறந்தவை எத்தனை, முன்பே இருந்து இப்போது கண்ணில் பட்டவை எத்தனை என்று இரண்டே ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஒரே முறையில், ஒரே இடங்களில், ஆண்டுதோறும் எண்ணி வந்தால்தான் அது புலப்படும். 1975-லேயே வரையாட்டை ஆராயப் புறப்பட்ட டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ஆம் நாள் வரையாடு தினமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அவர் நடந்த காலத்துக் கணக்கோடு இன்றைய கணக்கை ஒப்பிட முடிவதே, அவர் எழுதி வைத்ததால்தான்.

பழனி மலையில் இந்தக் கணக்கு மேலும் அவசரமானது. 1973 முதல் 2014 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட விஞ்ஞானிகள், இம்மலையின் இயற்கைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டது என்று 2018-ல் எழுதினார்கள். அந்த இடத்தில் வாட்டில், தைல மரம், பைன் காடுகளும் விவசாய நிலங்களும் இருக்கின்றன. சுற்றுலா வருவோர் பைன் காட்டில் நின்று படமெடுத்துக்கொண்டு, எவ்வளவு பசுமை என்று புகழ்கிறார்கள். வரையாட்டுக்கு அங்கே தின்ன ஒன்றுமில்லை. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் சுமார் 609 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது ஆறுதலான செய்தி. ஆனால் புல்வெளி துண்டு துண்டாகிவிட்ட மலையில் மந்தைகளும் சிறு சிறு கூட்டங்களாகத் தனித்துப் போகின்றன. பெரிய பானையில் பத்து விதை தவறினால் ஒன்றும் ஆகாது. மொத்தமே முப்பது ஆடுகள் உள்ள ஒரு சரிவில், கணக்கு பத்து இப்படி, பத்து அப்படி என்று தள்ளாடினால், முப்பது இருபதாகக் குறைந்ததை யாரும் அறிய மாட்டார்கள். சரிஸ்காவில் ஏட்டில் மட்டும் புலி இருந்ததுபோல், இங்கே ஏட்டில் மட்டும் ஆடு இருக்கும். அதனால்தான் மூடுபனியிலும் குளிரிலும் வனத்துறை ஊழியர்கள் இரண்டு குழுவாக, ஒருவர் பட்டியலை ஒருவர் பார்க்காமல் நடக்கிறார்கள்.

வாசகியருக்கு ஒரு கணக்கு: ஓர் ஏரியில் 80 மீன்களுக்குக் குறியிட்டு விட்டார்கள். பிறகு பிடித்த 60 மீன்களில் 6 குறியுடன் இருந்தன. ஏரியில் மீன்கள் எத்தனை? குறியிட்டவற்றில் 20 மீன்களின் குறி இடையில் கழன்று விழுந்துவிட்டது என்று பின்னர் தெரியவந்தால், உண்மையில் எத்தனை?

(விடை: 800, 600)